புல்லட்டும் பால் கேனும்

நம்ம தோட்டத்துக்கு வர்ற டவுன் சிநேகிதங்க பலரும் மஞ்சக் காட்டையும் பாக்கறதில்ல, மாட்டையும் பாக்கறதில்ல. நேரா சாளைக்குப் போயி அங்க நிக்கற பச்சை வண்டியத்தான் சுத்திச் சுத்திப் பாக்கறாங்க. "இது எந்த வருஷத்து புல்லட்டு சார்?" இது முதல் கேள்வி. 2022ல வாங்கினதுன்னு சொன்னதும் ரெண்டாவது கேள்வி வந்துரும். "அப்புறம் ஏன் சார் பின் சீட்டக் கழட்டிட்டு இரும்புக் கேரியரு போட்டிருக்கீங்க? வண்டியோட அழகே போச்சே!"

போச்சா இல்லையான்னு கடைசி வரைக்கும் படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

வண்டி ராயல் என்பீல்டு கிளாசிக் 350. பையன் சென்னையில வேலைக்குச் சேந்து மூணாவது வருஷம் தவணையில வாங்கினது. அப்புறம் கல்யாணம் ஆச்சு, குழந்தை வந்துச்சு, காரும் வந்துச்சு. அவங்க குடியிருக்கற அடுக்குமாடியில வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். புல்லட்டு ஆறு மாசம் ரோட்டோரமா மழையிலயும் வெயில்லயும் நின்னுது. "வித்துடலாமாப்பா?"ன்னு போன்ல கேட்டான். குரல்ல மனசில்லாதது தெரிஞ்சுது. "இங்க கொண்டாந்து உடு கண்ணு, நான் பாத்துக்கறேன்"னேன். அதுவரைக்கும் நம்ம வீட்டு வண்டி டிவிஎஸ் எக்ஸ்எல்தான். அது இப்பவும் ஓடுது. உர மூட்டை, புல்லுக்கட்டு எல்லாம் அதுலதான் ஏறும்.

இந்த மாதிரி வண்டிய மாடர்ன் ரெட்ரோன்னு சொல்றாங்க. முகம் பழசு, வயிறு புதுசு. உருண்டை ஹெட்லைட்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் புலிக்கண்ணு மாதிரி குட்டி லைட்டு, சக்கரத்தைப் போர்த்தின மாதிரி அகலமான மட்கார்டு, கம்பிச் சக்கரம். இங்கிலாந்துல ரெட்டிச்சுங்கற ஊர்ல இருந்த கம்பெனியோட அந்தக் காலத்து உருவம் இது. 1955ல நம்ம சென்னை திருவொற்றியூர்ல அதுக்குத் தொழிற்சாலை போட்டாங்க. இங்கிலாந்துல மூடி ஐம்பது வருஷத்துக்கு மேல ஆகிப்போச்சு, நம்ம பக்கம் இன்னும் அந்தப் பேரு ஓடிட்டிருக்கு. கிளாசிக்குங்கற பேர்ல பழைய முகத்தோட 2009ல விட்டாங்க, 2021ல எஞ்சினையே புதுசாப் பண்ணி மறுபடி விட்டாங்க. நம்மளது இந்தப் பின்னால வந்த ரகம். 349 சிசி, 20 குதிரைச் சக்தி, 5 கியர், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். எடை 195 கிலோ. வளந்த கெடேரிக் கன்னு ஒண்ணத் தள்ளிட்டுப் போற மாதிரி இருக்கும்.

பன்னெண்டாவது முடிச்சுட்டு ரெண்டு வருஷம் கோபியில ஒரு பட்டறையில நான் எடுபிடியா இருந்தேன். பம்ப்செட்டு மோட்டார், ஆயில் எஞ்சின், புல்லட்டு எல்லாம் அங்க வரும். அந்தக் கால புல்லட்டுக்கு கியரு வலது கால்ல, பிரேக்கு இடது கால்ல. ஸ்டார்ட் பண்றது ஒரு தனி வித்தை. சாவியப் போட்டு, டீகம்ப்ரசர் லீவரைப் புடிச்சுட்டு கிக்கர மெல்ல அமுக்கணும். ஹெட்லைட்டு மேல இருக்கற ஆம்ப்மீட்டர்ல முள்ளு நடுவுக்கு வரும். அங்க நிறுத்தி, லீவர உட்டுட்டு, ஒடம்பு எடையெல்லாம் போட்டு ஒரே மிதி. எடம் பாக்காம மிதிச்சா திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கி ஒரு வாரம் நொண்டினவங்கள எனக்குத் தெரியும்.

இப்ப வந்திருக்கற வண்டியில கிக்கரே கிடையாது. முகத்துல இருக்கற பழசு கால்ல இல்ல. பட்டனை அமுக்கினாத்தான் உண்டு. அந்தப் பட்டன் 12 வோல்ட், 8 ஆம்பியர் அவர் பேட்டரிய நம்பி இருக்கு. பேட்டரி மொத்தமா இறங்கிப்போச்சுன்னா, இட்டேரிச் சரிவுல தள்ளிவிட்டு ரெண்டாவது கியர்ல ஸ்டார்ட் பண்ணலாம்னு பழைய ஞாபகத்துல கனாக் காண வேண்டாம். டேங்குக்குள்ள இருக்கற பெட்ரோல் பம்ப்புக்கே கரண்ட் வேணும். அதனால நான் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பேட்டரி முனையக் கழட்டி, பூத்திருக்கற உப்பைத் துடைச்சு, இறுக்கி மாட்டி, மேல வாசலின் தடவி வைக்கிறேன். வண்டி ஓடாம ரெண்டு வாரம் நிக்கப் போகுதுன்னா நெகட்டிவ் ஒயரக் கழட்டி உட்டுருவேன். ஒரம்பரை வீட்டுக்குப் போயிட்டு வந்து மாட்டினா ஒரே அமுக்குல எழுந்திரிக்கும்.

பராமரிப்புன்னதும் டவுன்ல பாலீஷ் டப்பாவ எடுக்கறாங்க. தோட்டத்துல வண்டிக்கு இருக்கற எதிரிகளே வேற. முதல் எதிரி உரம். பொட்டாஷ் உப்புங்க. கையில ஒட்டினதோட வந்து வண்டியத் தொட்டாலே போதும், ஈரம் பட்டதும் குரோம் மேல புள்ளிப் புள்ளியா அரிக்கும். உர மூட்டைக்குப் பக்கத்துல நிறுத்தினா கேக்கவே வேண்டாம். ரெண்டாவது எங்க போர் தண்ணி. சப்பைத் தண்ணி. கழுவிட்டு அப்படியே வெயில்ல உட்டா வெள்ளை வெள்ளையாப் படியும். கழுவின கையோட பழைய வேட்டித் துணியில துடைச்சு, கம்பிகளுக்கும் நட்டுகளுக்கும் லேசா எண்ணெய் காட்டணும். எங்க ஊர்ல சிலபேரு எருமையக் கழுவற மாதிரி வண்டிய வாய்க்காலுக்குள்ளயே இறக்கிருவாங்க. சூடா இருக்கற எஞ்சின் மேல தண்ணி அடிக்கறதும், சக்கர பேரிங்குக்குள்ள தண்ணி ஏத்தறதும் ஒண்ணா நடக்கும். வாய்க்காத் தண்ணியில ஆயில் மிதக்கறது தனிக் கணக்கு. அந்தத் தண்ணிதான் கீழ இருக்கறவன் வயலுக்குப் போகுது.

குளவி இன்னொரு தொல்லை. நாலு நாள் அசையாம நின்னா சைலென்சர் வாய்க்குள்ளயே மண்ணு கொண்டாந்து கூடு கட்டிரும். தேங்காத் தொட்டி ஒண்ணக் கவுத்தி வெச்சிருக்கேன். அதுக்கு மேல எலி. போன மார்கழியில திடீர்னு எஞ்சின் படம் போட்ட மஞ்ச லைட்டு எரிஞ்சுது, வண்டி திக்கித் திக்கி ஓடுச்சு. டவுன்ல ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். கம்ப்யூட்டரைச் சொருகிப் பாத்துட்டு, "சென்சார் லைன்ல கோளாறுங்க, ஒயரிங் செட்டே மாத்தணும்"னாரு. அவரு சொன்ன தொகைக்கு ஒரு கெடேரி வாங்கலாம். வீட்டுக்குக் கொண்டாந்து, சீட்டைக் கழட்டி, டேங்கைத் தூக்கி, ஒயர் கட்டை ஒரு சாணா விரிச்சு டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். ஒரே ஒரு ஒயரு, எலி கொறிச்சு செம்பு வெளிய தெரிஞ்சுது. நுனியச் சுத்தம் பண்ணி, முறுக்கி, ஈயப்பத்து வெச்சு, மேல ஸ்லீவ் மாட்டி தீக்குச்சி காட்டினேன். செலவு முப்பது ரூபாகூட இல்ல. லைட்டு அணைஞ்சுபோச்சு. பக்கத்துல அடுக்கியிருந்த கடலை மூட்டையையும் அன்னைக்கே வேற எடத்துக்கு மாத்தினேன். எலி வந்தது கடலைக்கு, ஒயரு அதுக்குத் தொட்டுக்க.

சங்கிலிதான் அடிக்கடி கவனிக்க வேண்டியது. இட்டேரிப் புழுதியும் எண்ணெயும் சேந்தா உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தைத் தேய்க்கும். நடு ஸ்டாண்டு போட்டு, டீசல் நனைச்ச துணியில சங்கிலியத் துடைச்சு, நல்லாக் காஞ்சதும் 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமா சொட்டுச் சொட்டா உட்டு, மிச்சத்தைத் துடைச்சுரணும். எஞ்சினை ஓடவிட்டுத் துடைக்கறவங்களப் பாத்திருக்கேன். விரல் போயிரும், சக்கரத்தைக் கையில சுத்துங்க. சங்கிலி நடுவுல மேலயும் கீழயும் ஒரு அங்குலம் ஆடலாம். அதுக்கு மேல தொங்கினா பின் அச்சு நட்டத் தளர்த்தி, ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுக்கு வர்ற மாதிரி பின்னால இழுக்கணும். நம்ம வண்டிக்குப் பின்னால டிரம் பிரேக்கு. சக்கரம் பின்னால நகந்தா பிரேக் கம்பியும் இழுபடும். அதையும் சேத்துத் தளர்த்தி, பெடலை மிதிச்சுப் பாத்து, கடைசியா அச்சு நட்டை நல்லா இறுக்கணும். இதைச் சொல்லாம உட்டா, சங்கிலி மட்டும் சரிபண்ணிட்டு பிரேக்கு புடிச்சமேனிக்கே ஓட்டி டிரம்மைச் சுட்டுருவீங்க.

கம்பிச் சக்கரத்துக்கு ஒரு சின்ன சோதனை இருக்கு. ஸ்க்ரூ டிரைவரால ஒவ்வொரு கம்பியாத் தட்டிட்டே வாங்க. இறுக்கமா இருக்கறது "ணிங்"குன்னு கேக்கும், தளந்தது "டொக்"குன்னு கேக்கும். தளந்ததைக் கால் திருப்பு திருப்பலாம். நாலஞ்சு கம்பி தளந்திருந்தா கோட்டம் எடுக்கத் தெரிஞ்ச ஆளுகிட்டக் குடுத்துருங்க. எங்க ஊர்ல அது தெரிஞ்சவரு சைக்கிள் கடைப் பெரியவரு ஒருத்தர்தான் மிச்சம். ஆயிலு 15டபிள்யூ50. எஞ்சின் லேசா சூடா இருக்கும்போது வடிச்சா அழுக்கெல்லாம் சேந்து வந்துரும். அறுவடை மிசினு ஓடற மாசத்துல நெல்லுத் தூசி மூக்கை அடைக்கும். அதனால அந்த சீசன் முடிஞ்சதும் கிலோமீட்டர் பாக்காம ஏர் பில்டரைத் திறந்து பாத்துருவேன். வடிச்ச பழைய ஆயிலைக் கீழ ஊத்தறதில்ல. கட்டுத்தறிக் கதவு நிலவுக்குக் கறையான் வராம இருக்கப் பூசிருவோம்.

சரி, கேரியருக்கு வர்றேன்.

பின் சீட்டைக் கழட்டறது பத்து நிமிஷ வேலை. சென்னையில பசங்க அதைக் கழட்டிட்டு ஒத்தைச் சீட்டோட சுத்தறாங்க, பார்வைக்காக. நான் கழட்டினது 15 லிட்டர் பால் கேனுக்காக. லேத்துப் பட்டறையில குழாய் வளைச்சு ஒரு கேரியர் பண்ணச் சொன்னேன். சேசிஸ்ல ஒரு பொட்டு வெல்டிங் வெக்கக் கூடாது, புதுசா ஒரு ஓட்டை போடக் கூடாது, ஏற்கனவே இருக்கற போல்ட்டுலயே நிக்கணும்னு சொல்லிட்டேன். பட்டறைக்காரருக்கு எரிச்சல். "நாலு பத்து வெச்சா சென்மத்துக்கும் அசையாதுங்கண்ணா"ன்னாரு. அசையணும்ங்க. ஞாயித்துக்கிழமை கேரியரைக் கழட்டிட்டு சீட்டை மாட்டினாத்தான் வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டுப் பச்சைமலை முருகன் கோயிலுக்குப் போக முடியும்.

மட்கார்டை நான் தொடவே இல்ல. டவுன்ல இதை வெட்டிச் சின்னதாக்கறது ஒரு பேஷன். சேத்துக் காலத்துல ஒருநாள் எங்க வயக்காட்டுத் தடத்துல வந்து பாருங்க, அந்த அகலம் எதுக்குன்னு தெரியும். அதே மாதிரிதான் சேலை கார்டு. வண்டி வாங்கினதும் முதல்ல கழட்டி வீசறது அதைத்தான். பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம மூடற தடுப்பும், பின்னால உக்காரறவங்களுக்குப் புடியும், கால் வெக்கற எடமும் இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதியில 123வதா எழுதியே வெச்சிருக்காங்க. சேலை முந்தானை சக்கரத்துல சிக்கி என்னென்ன ஆச்சுன்னு எங்க பக்கத்து ஆஸ்பத்திரிகள்ல கேட்டாச் சொல்லுவாங்க. பழைய வண்டியில இருந்த ஒவ்வொரு சாமானும் ஏதோ ஒரு வேலைக்காக இருந்துச்சு. ரெட்ரோன்னு பேரு சொல்லி வாங்கிட்டு, வேலைக்கு இருந்ததையெல்லாம் கழட்டி, பார்வைக்கு இருக்கறதை மட்டும் வெச்சுக்கறது எனக்குப் புரியல.

கழட்டினதையெல்லாம் என்ன பண்றீங்கன்னு கேட்டா, கண்ணாடியிலிருந்து வாசர் வரைக்கும் துணியில சுத்தி, சாக்குல கட்டி, அட்டாலியில போட்டு வைங்கன்னுதான் சொல்லுவேன். 15 வருஷம் கழிச்சு ஆர்சி புதுப்பிக்கறப்ப வண்டியக் கொண்டுபோயிக் காட்டணும். அன்னைக்கு அந்தச் சாமானு கடையில கிடைக்குமான்னு யாருக்குத் தெரியும்.

இனி சைலென்சர். இதுலதான் எனக்கும் பையனுக்கும் முட்டுச்சு.

போன பொங்கல் நோம்பிக்குப் பையன் வந்தப்ப ரெண்டு சிநேகிதங்களும் கூட வந்தாங்க. நல்ல பசங்க. வண்டியச் சுத்திப் பாத்துட்டு, "அங்கிள், இத பாபர் ஆக்கிடலாம். மட்கார்டைக் கட் பண்ணி, சைலென்சர மாத்தினா தெருவே திரும்பிப் பாக்கும்"னாங்க. பையன் போன்ல சென்னைக் கடை ஒண்ணோட படத்தைக் காட்டினான். மொத்தம் 80,000 ஆகும்னான். சத்தத்தையும் போட்டுக் காட்டினான். அந்தச் சின்னப் போன்லயே திண்ணை அதிர்ந்துச்சு.

எங்க சின்ன வயசுல ஊர்ல புல்லட்டு வெச்சிருந்தது மூணு பேரு. ரைஸ்மில்காரரு, போலீஸ்காரரு, வட்டிக்காரரு. மத்த ரெண்டு வண்டியும் எங்க இட்டேரிக்குள்ள வர வேலையில்ல. அதனால அந்த "தடக் தடக்" சத்தம் வேலி முக்குல கேட்டா ஒரே அர்த்தம்தான். எங்கய்யன் கையில இருக்கற மம்மட்டிய அப்படியே போட்டுட்டு சோளக் காட்டுக்குள்ள போயிருவாரு. அம்மா வாசல்ல நின்னுட்டு, "அவரு சந்தைக்குப் போயிருக்காருங்க"ன்னு சொல்லும். அவரும் எஞ்சினை அணைக்காமயே நிப்பாரு. கேட்டுட்டே இருக்கட்டும்னுதான். சோளத்துக்குள்ள எங்கய்யன் உக்காந்திருக்கறது அவருக்கும் தெரியும். பின்னால நான் பட்டறையில இருந்தப்ப அதே வண்டி சர்வீசுக்கு வரும். பிளக்கைக் கழட்டித் துடைச்சு மாட்டினது நான்தான். நல்ல எஞ்சின். வண்டி மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல.

பையன், "கெத்துப்பா அது"ன்னான்.

"இந்தக் கெத்துக்குப் பயந்துதான் உங்க அப்பாரு சோளக் காட்டுல உக்காந்திருந்தாரு கண்ணு"ன்னேன். அவனுக்கு அது தெரியாது. அதுவரைக்கும் நான் சொன்னதில்ல. சிநேகிதங்க முன்னால சொன்னது அவனுக்குச் சங்கடமாப் போச்சுன்னு முகத்துலயே தெரிஞ்சுது. எந்திரிச்சுக் கட்டுத்தறிப் பக்கம் போயிட்டான்.

சட்டமும் இருக்குங்க, அதையும் சொல்லிடறேன். 175 சிசிக்கு மேல இருக்கற மோட்டார் சைக்கிளுக்கு சத்த அளவு 80 டெசிபல். கம்பெனி குடுத்த அமைப்பை அனுமதியில்லாம மாத்தினா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லீன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும்கூடப் போடலாம். வண்டிக் கலரை மாத்தினாக்கூட ஆர்டிஓ ஆபீசுல சொல்லி ஆர்சியில ஏத்தணும். எஞ்சினுக்கும் நல்லதில்ல. புகை போற குழாயில ஆக்சிஜன் சென்சார் உக்காந்துட்டு, எவ்வளவு பெட்ரோல் பீச்சணும்னு கணக்குச் சொல்லிட்டிருக்கு. குழாயை மாத்தினா அந்தக் கணக்குக் குழம்பும். ஆக்சிலேட்டரை உட்டதும் பட்டாசு வெடிக்கற மாதிரி வர்ற சத்தம் அதோட விளைவுதான். இதையெல்லாம் விட, காலையில அஞ்சு மணிக்குக் கறவை நேரத்துல பக்கத்துல அப்படி ஒரு சத்தம் கேட்டா மாடு மிரண்டு பாலை அடக்கிரும். நான் சொசைட்டிக்கு எதை எடுத்துட்டுப் போறது?

இந்த வண்டியில என் கைக்குள்ள வராத பாகம் நிறைய இருக்குங்கறதையும் சொல்லணும். பழைய புல்லட்டைப் பத்துச் சாவியும் ஒரு சுத்தியலும் இருந்தா மொத்தமாப் பிரிச்சுப் போட்டிருப்போம். இதுல இன்ஜெக்டர், ஏபிஎஸ் பெட்டி, கம்ப்யூட்டர் மூணும் மூடின டப்பா. முன் பிரேக்குத் திரவத்தை நான் மாத்தறதில்ல. அதுல காத்துக் குமிழி நின்னா பிரேக்கே புடிக்காது, அதோட ஏபிஎஸ்ஸும் சேந்திருக்கு. வருஷத்துக்கு ஒருக்கா கம்பெனி சர்வீசுக்குக் குடுத்துட்டு, அங்கயே நின்னு என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு வந்துருவேன். என்னைத் துரத்தத்தான் பாப்பாங்க. ஸ்டூல் ஒண்ணைப் போட்டு உக்காந்துக்குவேன்.

அன்னைக்குச் சாயந்திரம் சிநேகிதங்க வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிட்டாங்க. பையன் சாளைக்கு வந்து, ஒண்ணும் பேசாம சாக்கை விரிச்சு உக்காந்தான். "சங்கிலி எப்படிப்பா துடைக்கறது?"ன்னான். நான் டீசல் துணியக் குடுத்தேன். சக்கரத்தைச் சுத்திட்டே, "அந்த வட்டிக்காரர் கடன் எப்பப்பா முடிஞ்சுது?"ன்னு கேட்டான். கிணத்து மேட்டுக் காடு ஒரு ஏக்கரு வித்தப்பன்னு சொன்னேன். அந்த ஒரு ஏக்கர்ல இப்ப வேறொருத்தரு வாழை போட்டிருக்காரு. சாளை வாசல்ல நின்னாத் தெரியும். கொஞ்ச நேரம் அங்கயே பாத்துட்டிருந்தான். அப்புறம் பிரேக் கம்பியத் தளர்த்த மறந்துராதன்னு நான் சொல்ல, சரிங்கப்பான்னான்.

அடுத்த சித்திரையில வேற வீட்டுக்குக் குடி போறாங்களாம். அங்க ரெண்டு வண்டி நிறுத்த எடம் இருக்காம். வண்டியக் கேக்கறான். அவன் காசு போட்டு வாங்கினது, குடுத்துத்தானே ஆகணும். சைலென்சரும் மட்கார்டும் இருக்கறபடியே இருக்கும், சேலை கார்டைக் கழட்ட மாட்டேன்னு அவனாவே சொன்னான். ஒத்தைச் சீட்டு மட்டும் வெச்சுக்கறேன்னான், அது அவன் இஷ்டம். என் பங்குக்குக் கேரியரைக் கழட்டிக் குடுக்கணும். மஞ்ச அறுவடை முடியட்டும், பாக்கலாம்னு சொல்லியிருக்கேன்.